மாமாவின் கையில் அடித்த சென்ட்

எனக்கு மூத்த ராத்தாவின் கலியாணம் பேசிய அன்று ஹோலில் இருந்தவர்கள் வாப்பா, அவருடைய தம்பி சாச்சா, நான். எதிரில் மாப்பிள்ளையின் வாப்பா, அவருடைய மச்சினன், தரகர். மாப்பிள்ளை வரவில்லை, வருவது வழக்கமுமில்லை. உம்மாவும் ராத்தாவும் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. அந்த வீட்டைக் கட்டியே வாப்பா ஓய்ந்துபோயிருந்தார். இவர்களோ வீடு போதும், கைக்கூலி என்று மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனக் காசு வேண்டாம் என்றார்கள். ராத்தாவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இப்படி ஓரிடம் திரும்ப அமையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் படிக்கக் கெம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல், புதிதாக வரும் வெளிநாட்டுச் சென்ட்டுகளுக்குப் போனில் விமர்சனம் சொல்லி வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன். முழுப் போத்தல் வாங்க வழியில்லை. கொழும்பில் ஒருவர் சின்னக் குப்பிகளில் பிரித்து விற்பார். அந்த வருசம் பெரிய கம்பனிகள் விட்டதெல்லாம் மரமும் தோலும்தான்: தேவதாரு, அகில், புகை, பதனிட்ட தோல். குதிரைச் சேணத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை. என்றாலும் ‘பழைய சேணத்தின் கம்பீரம்’ என்று சொல்லியிருக்கிறேன்.

பேச்சு நல்லபடி முடிந்தது. எழும்பும்போது வந்தவர்களின் கையில் அத்தர் பூசி அனுப்புவது வழக்கம். சாச்சா அத்தர்க் குப்பியை எடுக்குமுன் நான் முந்திக்கொண்டேன். மாப்பிள்ளையின் வாப்பாவுடைய கையைப் பிடித்து என் புதுச் சென்ட்டை அடித்தேன்.

“இது இப்பதான் வந்திரிக்கு மாமா. முதல்ல புகை மாதிரி இரிக்கும். பொறகு அசல் மாட்டுத்தோல் மணம் எழும்பும். எத்தின தரம் கழுவினாலும் போகாது.”

மச்சினன்தான் வாயைத் திறந்தார். “எங்கட மச்சானுக்கு அது சும்மாவே வரும் தம்பி. நீங்க எதுக்குக் காசைக் கரியாக்கிற?”

மாமா முற்றத்துப் பைப்படிக்குப் போய், கையை நனைத்துக்கொண்டு, “சவுக்காரம் இரிக்கா மகன்?” என்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் போனதும் உம்மா சீலையை விலக்கிக்கொண்டு வந்தா.

“ஊரூராத் தோல் வாங்கி, உப்புப் போட்டுக் கொழும்புக்கு அனுப்புற மனிசன் எண்டு உனக்கு நான் செல்லல்லயா? காதுக்குள்ள வயரைச் செருகிக்கிட்டு ஓம் உம்மா, ஓம் உம்மா எண்டாயே!”

சொல்லித்தான் இருக்கிறா. அதைவிட என்னைக் கூச வைப்பது வேறொன்று. அவர் கையைப் பிடித்தபோது சந்தன அத்தர் மூக்கில் அடித்தது. மலிவுச் சரக்கு, அளவுக்கு மிஞ்சிப் பூசியிருக்கிறார் என்று மனசுக்குள் குறைவாகப் புள்ளியும் போட்டேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு அந்த மனிசன் எவ்வளவு நேரம் தேய்த்துக் குளித்திருப்பார்! மணத்தைப் பிரித்துச் சொல்வதே தொழில் என்று திரிந்த எனக்கு, அவ்வளவு அத்தர் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

தரகர் திரும்பி வந்தார். “பொடியன் படிச்ச திமிர்ல தோல்காரன் எண்டு குத்திக் காட்டிட்டான் எண்டு மச்சினன் துள்ளுறார். மருவாதி போன இடத்தில கைக்கூலி இல்லாம முடிக்க ஏலாதாம்.”

நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

“நீ கதைச்சது காணும், இனி வாயைத் திறக்காத,” என்றார் வாப்பா.

அவரே போனார். மாமா தன் வாயால் எதுவும் கேட்கவில்லையாம், தலையைக் குனிந்தபடி இருந்தாராம். தொகையைச் சொன்னது மச்சினன். ராத்தா அழுதுகொண்டு, “எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் வாப்பா” என்றா. வாப்பா கேட்கவில்லை. தன் மீன்பிடி வள்ளத்து எஞ்சினை விற்றார். இப்போது அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். நிக்காஹ்வுக்கு முன் அவர் எண்ணிக் கொடுத்தது நாலரை லட்சம் ரூபாய்.