பத்தாவது சட்டத்தில் விபூதி

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளன். படித்தது ஐந்தாவது. அங்கே ஆராய்ச்சி செய்த ஒரு பெண், மீன்வலையின் நைலான் நூல் கடலில் கிடந்து கிடந்து உள்ளுக்குள் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக வடநாட்டில் இருக்கும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய வட்ட இயந்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே எக்ஸ்ரே நூலில் பட்டுச் சிதறும். சிதறிய விதத்தை வைத்து உள்ளமைப்பைச் சொல்வார்களாம். வெகுநாள் காத்திருந்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

அவர் கிளம்பும் முன் ஆயுத பூஜை வந்தது. தராசு முதல் ஏ.சி. வரை பொட்டு வைப்பது என் வேலை. அதில் மட்டும் யாரும் எனக்கு யோசனை சொல்வதில்லை. வலைக்கு ஒன்றாக நூலை இழுத்துக் கட்டிய பத்துச் சின்ன உலோகச் சட்டங்கள் இருந்த பெட்டி திறந்திருந்தது. ஊர் விட்டு ஊர் போகிற சாமானாயிற்றே என்று மேல் சட்டத்து நூலில் விபூதி பூசினேன். வெள்ளை நூலில் வெள்ளை விபூதி. யார் கண்ணுக்கும் தெரியவில்லை, எக்ஸ்ரேவைத் தவிர.

திரும்பி வந்தவருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்பது சட்டங்களில் இல்லாத மெல்லிய வளையங்கள் பத்தாவதில் மட்டும் விழுந்திருந்தன. இருப்பதிலேயே பழைய வலை அது; கடல் அதற்குள் புதுப் படிகம் வளர்த்திருக்கிறது, திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் அறிவிக்கப்போகிறேன் என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். மேலே இருந்ததாம்.

இரண்டு நாள் அவர் நாற்காலியைச் சுற்றியே பெருக்கினேன். சொல்ல வாயைத் திறந்தால் "டீ வேணுமா?" என்றுதான் வந்தது. பாவம், அத்தனையும் குடித்தார்.

திங்கள் காலை, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்த மேல் சட்டத்துல நான் விபூதி பூசிட்டேம்மா."

அவர் என் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை வாங்கி, ஒரு சிட்டிகையை எங்கள் சின்ன எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே வளையங்கள்.

"ஏண்ணே, பூசுனதுதான் பூசுனீங்க, பத்துலயும் பூசியிருக்கக் கூடாதா? புது வலையிலயும் வளையம் விழுந்திருந்தா அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

கூட்டத்தில் ஒன்பது சட்டங்களைப் பற்றி மட்டும் பேசினார். பத்தாவதில் வேறு பொருள் ஒட்டியதால் ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். என்ன பொருள் என்று கேட்காமல் பேராசிரியர் விடவில்லை.

"விபூதி சார்."

பேராசிரியர் தினமும் மூன்று பட்டை பூசிக்கொண்டு வருபவர். மெல்ல நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"சரி, அடுத்ததுக்குப் போ," என்றார்.

நான் டீ ஊற்றினேன்.