படிய வாரிய தலை

என் தங்கை மகளுக்கு அவள் அப்பாவின் முடி. சுருட்டை என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு இழையும் ஸ்பிரிங் மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும். கறுப்பினத்தவரான அவள் அப்பாவை எங்கள் குடும்பம் ஒருவழியாக மாப்பிள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த முடியைத்தான் இன்னும் ஏற்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை தலை படிந்திருந்தால்தான் வாரிய தலை.

அந்தச் சனிக்கிழமை டான்ஸ் வகுப்பு முடிந்த கையோடு தங்கை அவளை பிஸ்கட்டவே ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நான் தோல் மருத்துவர். அடுத்த மாதம் அரங்கேற்றம். பெண்ணுக்கோ இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் முடி போய்க்கொண்டிருந்தது. நோய் என்னவென்று தங்கையே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். புழுவெட்டாம். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்த இடமே சிவந்து கிடந்தது. யாரால் வந்தது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது: பெண்ணின் அத்தை. தங்கை கணவரின் அக்காதான் முன்பெல்லாம் ஞாயிறுதோறும் வந்து பொடிப்பொடிச் சடைகளாகப் பின்னிவிடுவார். போன வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அத்தனை பேர் முன்னாலும், இனிமேல் என் பெண் தலையில் கை வைக்காதீர்கள் என்று தங்கை அவரிடம் சொல்லிவிட்டாள்.

"ஒரு ஆயின்ட்மென்ட் மட்டும் எழுதிக் குடுக்கா. அரங்கேற்றம் முடியட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, லென்ஸை எடுத்தேன். புழுவெட்டு என்றால் காசு வைத்தாற்போல வட்டமாகக் கொட்டும். இது நெற்றி ஓரமாகப் பட்டையாகப் போயிருந்தது. அந்தப் பட்டைக்கு முன்னால் மட்டும் பூனைமுடி போல ஒரு வரிசை மிஞ்சியிருந்தது. சடையில் சிக்காத அளவுக்குக் குட்டையானதால் தப்பித்த முடி அது. இழுத்துக் கட்டிப் போன முடிக்கு இதுதான் அடையாளம். லென்ஸில் பார்த்தால், முடிகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன உறைகள். தங்கை அதைப் பொடுகு என்று நினைத்திருக்கிறாள். இழுப்பு இன்னும் நிற்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அத்தை இந்தத் தலையைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது.

எப்போது வலிக்கும் என்று பெண்ணிடம் கேட்டேன். பின்னும்போது அவள் ஒன்றுமே சொல்ல மாட்டாள் என்று தங்கை முந்திக்கொண்டாள். அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். பெண் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: பின்னும்போது அவ்வளவாக வலிக்காது, காரில் போகும்போது ஆரம்பிக்கும், பாதி வகுப்பில் கண்ணையே மேலே இழுக்கிற மாதிரி இருக்கும். அதற்கு அம்மா தலைவலி மாத்திரை கொடுப்பாள்.

எப்படிப் பின்னுகிறாய் என்று தங்கையைக் கேட்டேன். பெருமையாகவே சொன்னாள். தண்ணீரில் நன்றாக நனைத்தால்தான் அந்த முடி நீண்டு சொன்னபடி கேட்குமாம். ஈரத்தோடு படிய வாரி, ஜெல் போட்டு, இறுக்கிப் பின்னி, இடுப்புவரை சவுரி வைத்துக் கட்டுவாளாம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நனைந்தால் நீளும் முடி, காய்ந்தால் சுருங்கும். ஈரத்தில் இறுக்கிய சடை, அவர்கள் வீடு இருக்கும் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து வகுப்புக்குப் போய்ச் சேருவதற்குள் தானாகவே இன்னும் இறுகிவிடும். அதற்கு மேல் சவுரியின் கனம் வேறு. ஒளிக்காமல் சொன்னேன். சடை, சவுரி இரண்டையும் இன்றைக்கே நிறுத்தவேண்டும் என்றேன்.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "நமக்கும் அம்மா இப்படித்தான பின்னி விட்டாங்க? நமக்கு என்ன கொட்டியா போச்சு?"

"அது நம்ம முடி. இது அவ முடி."

அப்புறம் அவள் சத்தம் இறங்கிப்போனது. அவிழ்த்துப் போட்ட சடையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்ப வளர்ந்துவிடும்தானே என்று கேட்டாள். மறுபடியும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் வேர்க்கால்கள் இருந்தன. இழுக்காமல் விட்டால் வளரும். இடப்பக்கம் தோல் வழவழவென்று மின்னியது. தேடித் தேடிப் பார்த்தும் முடி முளைக்கும் ஒரு துளைகூடக் கண்ணில் படவில்லை. நோயாளிகளிடம் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான்.

"லெஃப்ட் சைடு வராதும்மா" என்று பெண்ணைப் பார்த்தே சொன்னேன்.

தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண் அழவில்லை. எழுந்து போய் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வலியும் இவளுக்கு, ஆறுதல் சொல்லும் வேலையும் இவளுக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இட்ஸ் ஓகேம்மா" என்றாள். "ஐ வில் டான்ஸ். பட் யூ டோன்ட் டச் மை ஹேர் எனிமோர்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பழக்கத்தில், பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை நீட்டினாள். பாதியிலேயே கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.