வளைவு பார்க்கும் தலை

"கொஞ்சம் குனிங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கணவரின் வழுக்கைத் தலையில் கைக்குட்டையை விரிக்கிறார் கடைக்கார அக்கா. அவர் விற்பது கண்ணாடி இழைத் துணி. வெறும் தோலில் பட்டால் அரிப்பு பிராணனை வாங்கும், கைக்குட்டை அதற்காகத்தான். அதன்மேல் துணியைப் போடுகிறார். சுருக்கமில்லாமல் தலையோடு படிந்தால் வளைவுக்கு ஆகும். கூடாரம்போல் விறைத்து நின்றால் தட்டையான இடத்துக்குத்தான் லாயக்கு.

ரெசின் பசையில் ஊறிக் காய்ந்தால் இந்தத் துணிதான் படகாகவும் தொட்டியாகவும் நிற்கிறது. யார் வந்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "எதுமேல ஒட்டப் போறீங்க?" இருப்பதிலேயே கெட்டியானதைக் கேட்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கெட்டித் துணி வளையாது தம்பி. வளையலன்னா அடியில காத்து நிக்கும். அப்புறம் எவ்வளவு ரெசின் ஊத்தினாலும் வீண்தான்."

துணிக்கு அடியிலிருந்து கணவர் ஆமோதித்துத் தலையாட்டுவார். "ஆட்டாதீங்க, நழுவுது" என்று அதட்டல் விழும்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், மகள் பந்தயத்தில் ஓட்டுவதற்காகத் தானே கட்டிய படகின் மூக்கில், அக்கா வெளியே போன நேரம் பார்த்து, கடையில் இருந்ததிலேயே தடித்த துணியை ஒட்டிவைத்தார். மோதினாலும் உடையக் கூடாதாம். அக்கா வந்து விரல்கணுவால் தட்டிப் பார்த்தார். உள்ளே காலியாக இருப்பதுபோல் டொக் டொக் என்றது. பந்தயத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"இத்தனை வருஷமா இந்தத் தலைய வெச்சுக்கிட்டு என்னத்தப் பார்த்தீங்க?"

"தலைக்கு மேல நடந்தது எனக்கெப்படித் தெரியும்?"

மகள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அலையில் அந்த மூக்கு உரிந்தால் தண்ணீரில் விழப்போவது அவர் பெற்ற பிள்ளை. கணவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் மேசைமேல் கவிழ்த்த பானை ஒன்று வந்து உட்கார்ந்தது. துணியெல்லாம் அதன் தலையில் விழுந்தது.

"என்னக்கா, புது ஆளா?" என்று கேட்ட வாடிக்கையாளரிடம், "இது எதிர்த்துப் பேசாது" என்றார், கணவர் காதில் விழும்படி.

இரண்டு நாள் பானையின் ராஜ்யம். மூன்றாம் நாள் கணவர் மேலெல்லாம் தூசியோடு கடைக்குள் வந்தார். படகின் மூக்கில் ஒட்டியதை முழுக்க உரித்துத் தேய்த்துவிட்டிருந்தார். தப்பு என்று வாயால் சொல்லும் பழக்கம் அவருக்கு எந்நாளும் கிடையாது. அலமாரியிலிருந்து மெல்லிய துணிகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். பானையை ஓரமாக நகர்த்தினார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுல எது?"

அக்கா ஒரு துணியை உதறி விரித்தார். தலைக்கு மேலே கொண்டுபோனவர், நிறுத்தி, அதை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்.