பன்னிரண்டு அங்குலச் சண்டை

மகள் சோபாவில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறாள். எனக்குக் கேட்பது கம்பி உரசும் கீச்சு மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் ஹெட்ஃபோனுக்குள். கைப்பேசியில் வரிசையாக ஸ்பீக்கர் படங்கள்; எதைத் தொட்டாலும் கிட்டார் அந்த ஸ்பீக்கரின் ஒலியில் கேட்குமாம். "அப்பா, எந்த ஸ்பீக்கர் போடட்டும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாலைந்தை மாற்றிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ஸ்பீக்கரை மாற்ற நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே!

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் இருந்தபோது கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கும் சின்னக் குழு எங்களுடையது. சேவியர் லீட் கிட்டார், நான் கீபோர்டு, மணி டிரம்ஸ். மணி டிரம்ஸை வாசிக்கமாட்டான், துவைப்பான். அதற்கடியில் சேவியரின் கிட்டார் நசுங்கிக் கிடக்கும். மெதுவாக அடி என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. சாமான் ஏற்றும் வேன் அவனுடையது; முறைத்துக்கொண்டால், ஸ்பீக்கர் பொருத்திய ஆம்ப் பெட்டியை பஸ்ஸிலா தூக்கிப்போவது?

கேலாங்கில் ஒரு விருந்தில் மாப்பிள்ளையின் மாமா சேவியரிடம், "தம்பி, நீங்க சும்மா போஸ் குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த கல்யாணத்திலும் தன் வாசிப்பு கேட்கவில்லை என்றால் கிட்டாரை விற்றுவிட்டுப் போய்விடுவேன் என்றான் சேவியர். அவன் போனால் மிச்சம் நானும் மணியும். அதை யார் கேட்பார்கள்?

முதலில் இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள ஆம்ப்பை இரவல் வாங்கினோம். கனம் இரண்டு மடங்கானது. சத்தம் ஒரு இம்மி கூடியது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, எல்லாம் ஸ்பீக்கரில் இருக்கிறதாம். வருகிற மின்சாரத்தைச் சில ஸ்பீக்கர்கள் நன்றாகச் சத்தமாக்கும், சில பெரும்பாலும் சூடாக்கி வீணடிக்கும். ஜாலான் புசார் கடைகளில் அலைந்து, பழையதைப் போலவே பன்னிரண்டு அங்குலத்தில் சத்தக்காரன் ஒருவனை வாங்கி, சேவியரின் சொந்த ஆம்ப்பில் மாட்டினோம்.

ஒத்திகையில் கிட்டார் டிரம்ஸைத் தாண்டிக் கேட்டது, சந்தேகமில்லை. ஆனால் பழைய ஸ்பீக்கரில் உருக்கிய நெய்யாக வழிந்தது, இதில் தகர டப்பாவைக் கரண்டியால் சுரண்டியது. சேவியர் பாதியில் நிறுத்திவிட்டான்.

"சத்தம் வந்திருச்சு லா. நான் எங்க போனேன்?"

மணி குச்சிகளைக் கீழே வைத்தான்.

"ஏன்ணே, இதுக்கா இவ்ளோ அலைச்சல்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மெதுவா அடிச்சிருப்பேன்ல?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டினோம். மணி டிரம் மேல் துண்டை மடித்துப் போட்டான். அடுத்த கல்யாணத்தில் பிரியாணித் தட்டோடு ஒருவர் எழுந்து வந்து சேவியர் பக்கத்தில் நின்றே சாப்பிட்டார். கிட்டார் விற்கப்படவில்லை.

இதை மகளிடம் சொல்லலாமென்று ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னேன். "ஒன் மினிட்பா" என்றாள். அவள் குழுவில் அவரவர் வீட்டில் தனியாக வாசித்து அனுப்புகிறார்கள், கம்ப்யூட்டர் ஒட்டவைக்கிறது. யார் சத்தமும் யாரையும் நசுக்குவதில்லை. துண்டை மடித்துப் போட ஒரு மணியும் தேவைப்படுவதில்லை.