அத்தை சொன்ன ‘வேண்டாம்’

அரைத்த தேங்காயின் ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருந்த அந்த ஆங்கில இலக்கணக் ‘கைடை’ இன்றும் மூக்கால் அடையாளம் கண்டுவிடுவேன். தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், சமைத்துக்கொண்டே அரசு வேலைத் தேர்வுக்குப் படித்த அம்மாவுக்கு, ஐந்தாம் வகுப்புக்காரியான நான்தான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ‘நோ’, ‘நாட்’, ‘நன்’, ‘நெவர்’ என்று இல்லாததைச் சொல்லவே இத்தனை ஆட்களை வைத்துக்கொண்டு அந்த மொழி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ‘லிட்டில்’லுக்கும் ‘எ லிட்டில்’லுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் முழித்தபோது அம்மா சீனி டப்பாவைத் தட்டிக் காட்டினாள். “வெறும் ‘லிட்டில்’னா டப்பாவ வழிச்சாலும் காணாது. ‘எ லிட்டில்’னா இன்னைக்குக் காப்பிக்கு ஒப்பேத்திரலாம்.” அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இத்தனை மறுப்புகளைக் கரைத்துக் குடித்தவளுக்கு நிஜத்தில் ஒன்றுகூட வாயில் வராது. எங்கள் சொந்தத்தில் யாருமே முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. ‘பாப்போம்’ என்பார்கள், கேட்டவரும் அதை வருவதாகவே எடுத்துக்கொண்டு போவார்.

அப்படியிருக்கையில்தான் அப்பாவின் அக்கா, பேரையூர் அத்தை, கடைக்குட்டி மகனின் காதுகுத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமனான அப்பா வேண்டும், சீர்வரிசையின் முதல் தட்டைத் தூக்கிவர அம்மா வேண்டும். அத்தை தேதியைச் சொன்னதும் நான் அம்மாவைப் பார்த்தேன். தேர்வும் அன்றைக்குத்தான். இப்போதைக்குச் சரியென்று சொல்லிவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

அம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். “அன்னைக்கு எனக்குப் பரீட்சை மதினி. வரமுடியாது.”

அத்தை விடுகிற ஆளில்லை. “வரமுடியாதா, வரமாட்டியா?”

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “வரமாட்டேன் மதினி. இத விட்டா எனக்கு வேற பரீட்சை கிடையாது.”

அம்மா கொடுத்த காப்பியை அத்தை முழுதாகக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “ஒங்காத்தா தட்ட நீ வந்து தூக்கு” என்று சொல்லிப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கோபமா இல்லையா என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. உறவு முறிந்துவிட்டது என்றே அம்மா நினைத்தாள்.

காதுகுத்தன்று மேளத்துக்குப் பின்னால் பழத்தட்டைச் சுமந்து கை கடுக்க நடந்தேன். பந்தல் வாசலில் அத்தையின் புகுந்த வீட்டார் கூடி நின்று, “தாய்மாமன் பொண்டாட்டி எங்க? இம்புட்டுத்தானா ஒங்க வீட்டு மருவாதி?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என் கையிலிருந்த தட்டை வாங்கியபடியே சத்தமாகச் சொன்னார்: “அவ வாரேன்னுதான் ஒத்தக்கால்ல நின்னா. நான்தான் வேண்டாம்னேன். பரீட்ச எழுதப் போயிருக்கா.”

வீடு திரும்பியதும் அம்மாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தத் தேர்வில் அவள் தேறினாள். நான் கல்லூரி வாசலை மிதித்தது அந்த வேலையால்தான்.

இப்போது தட்டோடு நேரில் வந்து அழைப்பவர்கள் அருகிவிட்டார்கள். அழைப்பு போனில் வருகிறது. போக மனமில்லாவிட்டால் கும்பிடும் கைப் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறோம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. போன வருடம் அத்தையும் போய்விட்டார். அன்று பந்தலில் சொன்னதைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அத்தையின் உடலுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோன அன்று, மூட்டுவலிக்காரியான அம்மாவிடம் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். “இத நான்தான் கொண்டுபோவேன்” என்றவள், பேரையூர்த் தெரு முழுக்க வெயிலில் நொண்டி நொண்டி அதைச் சுமந்து நடந்தாள்.