நம்பர் வந்தாத்தான் சேலை

"நம்பர் வராம ஒரு கர்ச்சீப்பு கூட வெளிய போவாது அண்ணாச்சி! வேணும்னா நீங்களே வந்து கல்லாவுல உக்காருங்க!"

முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி, முதலாளி பொன்னுராஜைப் பாத்து, கல்லாவுல இருக்குத ஞானபாக்கியம் இப்படித்தான் வெடுக்குன்னு சொன்னா. ராஜபாளையம் பஜாரு, தொண்ணூத்தி நாலு ஆவணி.

அவ வாயி அப்படி. சிரிச்சா காசு செலவாயிரும்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருப்பா. கொண்டையில எப்பவும் ஒரு துண்டுப் பென்சிலு. ஆனா கிரெடிட் கார்டுன்னு ஒண்ணு வந்தப்போ, அதைப் பணமாக்கத் தெரிஞ்சது அந்தக் கடையில அவ ஒருத்திக்குத்தான். மொதல்ல, பேங்கு அனுப்புன புத்தகத்துல களவுபோன கார்டு நம்பரு இருக்கான்னு எச்சி தொட்டுத் தொட்டுப் பொரட்டுவா. பொறவு கார்டை மிசினுல வச்சி, மேல மூணு தாளுச் சீட்டைப் போட்டு, இஸ்திரி போடுத மாதிரி பிடியை அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு இழுப்பு. கறக், கறக். பேரு, நம்பரு அம்புட்டும் தாளுல விழுந்துரும். ஒரு தாளு வாங்குனவியளுக்கு, ஒண்ணு கடைக்கு, ஒண்ணு பேங்குக்கு. பேங்குக்காரன் தன் கமிசனைப் பிடிச்சிக்கிட்டு நாலு நாள் கழிச்சி மிச்சத்தைக் கடைக் கணக்குல போடுவான்.

பெரிய தொகைன்னா மட்டும் மதுரை பேங்குக்கு போன் போட்டு, அப்ரூவல் நம்பரு வாங்கிச் சீட்டுல எழுதணும். எழுதாம சரக்கைக் குடுத்தா, பேங்கு கைய விரிச்சிரும். அந்த நட்டம் அவ சம்பளத்துல விடியும்.

அன்னைக்கு வந்தது பால்ச்சாமி, பம்பாயில கம்பெனி வேலை. மக கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, மகளோட ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தக்காரவியளையும் கூட்டியாந்திருந்தாரு. சேலை நாலாயிரத்து இருநூறு. கார்டை நீட்டும்போது, சம்பந்தக்காரி பாக்காளான்னு ஒரு பார்வை வேற.

பாக்கியம் போன்ல கார்டு நம்பரைச் சொன்னா. "இதுல இனிமே வாங்க முடியாதும்மா, குடுத்துராதீங்க"ன்னான் மதுரைக்காரன். இவ உடனே "அலோ! அலோ!"ன்னு ரெண்டு சத்தம் போட்டு, டொக்குன்னு போனை வச்சா. "லைன் கிடைக்கல. நாளைக்கு வாங்க." எவரு கார்டை பேங்கு வேண்டாம்னு சொன்னாலும் அவ இதைத்தான் சொல்லுவா. பழியெல்லாம் டெலிபோன் தலையில.

பொன்னுராஜுக்கு அது எங்க தெரியும்? "லைன் இல்லாட்டி என்னட்டி? தெரிஞ்ச மனுசன். நம்பரைப் பொறவு வாங்கிக்கிடலாம், குடுத்து விடு"ன்னாரு. அப்பத்தான் அவ வெடிச்சா.

"எம்புட்டுத் திமிரு பாரு இவளுக்கு"ன்னு சம்பந்தக்காரி முணுமுணுத்தா. பாக்கியம் கார்டைத் திருப்பி நீட்டுனா. பால்ச்சாமி மூஞ்சி மட்டும் வெளுத்துப்போச்சி. கார்டு செல்லலைங்கிறது அவருக்கு வெளங்கிருச்சி.

கும்பல் எந்திரிச்சிது. முகூர்த்தத் துணி எடுக்க வந்து வெறுங்கையோட படி எறங்குனா, அந்தச் சம்பந்தக்காரி சும்மா இருப்பாளா?

பாக்கியம் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, நாளும் நேரமும் பாக்காதவ. விறுவிறுன்னு போயி, மஞ்சள்ல ஒரு ரவிக்கைத் துணி கிழிக்கச் சொல்லி, கடையிலேயே பெரிய பையாப் பாத்து அதுல போட்டு, அந்தக் கல்யாணப் பிள்ளை கையில குடுத்தா. "நல்ல நேரம் தப்பிரக் கூடாதும்மா. இன்னைக்கு இதைக் கொண்டு போ. உன் சேலையை எடுத்து வச்சிருக்கேன், ஒருத்தரும் தொட மாட்டாவ."

பொறவு கல்லாவுல வந்து உக்காந்து, முந்தி முடிச்சை அவுத்துக் காசை எடுத்து வச்சி, கொண்டைப் பென்சிலை உருவித் தன் பேருக்கு ஒரு பில்லு எழுதுனா. ரவிக்கைத் துணி ஒண்ணு, பதினெட்டு ரூவா.