குருவி, இருமல், தண்ணி

அந்த வீட்டில் காருக்குப் பெயர் பெரியவர். பெரியவர் வெயிலில் நிற்கிறார், பெரியவருக்கு இந்த வாரம் எண்ணெய் மாற்ற வேண்டும் என்றுதான் பேச்சு. மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடிய உடம்பு. முதல் எழுபதாயிரத்தை வேறு யாரோ ஓட்டினார்கள். மிச்சம் முழுவதும் அச்சுக்காரர் ஓட்டியது.

அச்சுக்காரர் முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பெரிய மெஷின் பக்கத்தில் நின்றவர். காகிதத்தைத் தடவியே கனம் சொல்வார். காதைத்தான் மெஷின் வாங்கிக்கொண்டது. ஆள் பேசினால் கேட்கும். இயந்திரம் பேசினால் ஓடுகிறது, ஓடவில்லை என்ற இரண்டுதான் அவருக்குத் தெரியும்.

அதனால் பெரியவருக்குக் கை அவருடையது, காது மனைவியுடையது. அவளுக்குப் பெல்ட்டும் தெரியாது, பேரிங்கும் தெரியாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "குருவி கத்துது" என்பாள். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கும். காலையில் கிளப்பும்போது "இன்னிக்கு இருமல் ஜாஸ்தி" என்பாள். பிளக் பார்க்க வேண்டும். "சில்லறை கொட்டுது" என்றால் சைலன்சர் தகட்டில் ஆணி கழன்றிருக்கிறது.

மெக்கானிக்குக்கு நிதானம் என்று பட்டப்பெயர். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் அதையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பான். குருவி என்று முதல் தடவை கேட்டபோது, கூடு எங்கே கட்டியிருக்கு என்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தவன்தான். ஒரு வருடத்துக்குள், காரைத் தொடும் முன்பே, அண்ணி என்ன சொன்னாங்க என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சுக்காரர் பானெட்டைத் திறப்பார். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். கருகல் வாசனை இல்லையென்றால் திருப்தி. ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் கோடு வரை இருக்கிறதா என்று பார்ப்பார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிதுக்குவார். கம்பெனிப் புத்தகம் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றச் சொன்னது. அவர் ஐயாயிரத்துக்கு மாற்றினார். எல்லாம் ஒரு கோடுபோட்ட நோட்டில், பென்சிலில் இருந்தது. தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி அப்படியே சரிந்தாள். வலது கை போனது. வலது கால் பாதி திரும்பி வந்தது, ஆனால் பாதத்தில் உணர்வில்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. தண்ணி.

விளக்கைப் போடு என்பதற்கும் தண்ணி. மகள் போனில் கூப்பிட்டால் தண்ணி. வாயிலிருந்து வருவது தப்பு என்று அவளுக்கே தெரியும். சொன்னதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கோபம் வந்தால் அதையே நாலு தடவை வேறு வேறு குரலில் சொல்வாள். ஒரு வார்த்தையில குடும்பம் நடத்துறா, நமக்குத்தான் ஆயிரம் வேண்டியிருக்கு என்று அவர் நிதானத்திடம் சொல்வார். நிதானம் சிரிக்க மாட்டான்.

பேச்சுப் பயிற்சி நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில். வாரத்தில் மூன்று நாள். சொல்லிக்கொடுக்கும் பெண் சின்னவள், மகள் வயதுகூட இருக்காது. முதல் வருடத்தில் வருகிற வார்த்தைதான் வரும், அதனால் ஒரு நாளும் விடாதீர்கள் என்றாள். சரியான வார்த்தை சரியான இடத்தில் ஒரு நாள் வரும், வரும்போது கவனியுங்கள், கவனித்தீர்கள் என்று அவங்களுக்குத் தெரியணும் என்றாள். பஸ்ஸின் படி மனைவியின் முழங்கால் உயரம், அதிலும் இரண்டு பஸ் மாற வேண்டும். தொழிற்சாலைச் சாலையின் கடைசியில் இருக்கும் அவர்கள் தெருவுக்கு வாடகைக்கார்கள் வருவதில்லை. பெரியவர்தான் கதி.

மாற்றாத குழாய் ஒன்று இருந்தது. என்ஜினுக்குப் பின்னால், கை போகாத இடத்தில், காருக்குள் வெந்நீர் கொண்டுபோய் ஹீட்டருக்குக் கொடுக்கும் சின்னக் குழாய். எல்லாம் புதுசு, அது மட்டும் பழசு என்று நிதானம் சொல்லியிருந்தான். டைமிங் பெல்ட் மாற்றும்போது எப்படியும் பிரிக்க வேண்டும், அப்போது சேர்த்துச் செய்யலாம், மூன்று நாள் வேலை என்றான். மூன்று நாள் பெரியவரைப் பிரித்துப் போட்டால் ஒரு வகுப்பாவது போகும். அச்சுக்காரர் நோட்டில் தேதி குறித்தார், அழித்தார், மறுபடி குறித்தார். மூன்று தடவை அழித்ததில் அந்த இடத்தில் தாள் தேய்ந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, புறப்பட்டுப் பத்து நிமிடத்தில், மனைவி தண்ணி என்றாள்.

அவர் ஓரங்கட்டி பாட்டிலைக் கொடுத்தார். அவள் தள்ளிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். இடது கையால் கீழே காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கதவைத் திறந்து, அவளை இறக்கக் குனிந்தார். இடது செருப்பு நனைந்திருந்தது. பாதம் நனைந்திருந்தது. காலடியில் விரித்திருந்த மிதியடியில் ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பங்க் ஆள் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது நல்லதாகப் போயிற்று. பின் இருக்கையிலிருந்து துண்டை எடுத்து அவள் பாதத்தைத் துடைத்தார்.

"பரவாயில்ல விடு. யாரும் பாக்கல. இதுக்கெல்லாம் கூச்சப்படலாமா."

அவள் தலையை ஆட்டினாள். பலமாக, இரண்டு பக்கமும். "தண்ணி" என்றாள். கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துச் சொன்னாள்.

"தெரியுதுமா. நான்தான் சீக்கிரம் நிறுத்தியிருக்கணும். என் தப்பு."

கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். அவள் ஏறமாட்டேன் என்று கார்க் கதவைப் பிடித்தாள். விரல்களை மெல்லப் பிரித்தெடுத்தார். மிதியடி மேல் ஒரு பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். நேரமாகிவிட்டது. வண்டியை எடுத்தார்.

மேட்டில் ஏறும்போது அவள் இடது கையால் டாஷ்போர்டைத் தட்டினாள். தட்டித் தட்டி அதே வார்த்தை. இப்பதானே போயிட்டு வந்தோம் என்றார் அவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது எப்போதும் நிற்கும் இடத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பெரியவர் இன்னிக்குச் சமத்தா இருக்கார் பாரு என்று அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். 

மேடு முடிவதற்குள் இழுவை போனது. மிதிக்க மிதிக்க வண்டி பின்வாங்குவது போலிருந்தது. ஏதோ இறுகுகிற அதிர்வு ஸ்டியரிங் வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது. பிறகு ஓடவில்லை என்ற சத்தம். அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

நிதானம் இழுவை வண்டியோடு வர ஒன்றரை மணி நேரமானது. பானெட்டைத் திறந்து வழக்கம்போலப் பார்த்துக்கொண்டே நின்றான். ரேடியேட்டர் மூடியைக் கையாலேயே கழற்றினான். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. காரின் இடப்பக்கம் வந்து, செய்தித்தாளை விலக்கி, மிதியடியை விரலால் அழுத்தி, விரலை முகர்ந்தான்.

"அந்தச் சின்னக் குழாய்தாண்ணே. உள்ள வர்ற இடத்துல விட்டிருக்கு. தண்ணி பூரா இங்கதான் கொட்டியிருக்கு."

"முள்ளு கீழதானே இருந்துச்சு."

"அதோட சென்சார் தண்ணில முங்கியிருந்தாத்தான் அது சூட்டைச் சொல்லும். தண்ணி இல்லன்னா அதுக்கு என்ன தெரியும்."

என்ஜின் பிடித்துக்கொண்டது, ஹெட் வளைந்திருக்கும், இந்த வயசு வண்டிக்கு வேறு என்ஜின் தேடிக் கிடைத்தால்தான் உண்டு என்றான். எத்தனை நாள் என்று அச்சுக்காரர் கேட்டார். நிதானம் நாள் சொல்லவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி ஒண்ணும் சொல்லலையா? அவங்களுக்குத் தப்பாதே."

அச்சுக்காரர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு ஓரம் முழுக்கப் பச்சையாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்க் குச்சியை முகர்ந்தவர் இதை முகர்ந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீரின் லேசான தித்திப்பு வாசனை.

"சொன்னா," என்றார்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் போன் செய்து, இன்று வர முடியவில்லை, வண்டி நின்றுவிட்டது என்றார். பரவாயில்லை சார் என்றாள் அவள். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"புதுசா ஏதாவது சரியா சொன்னாங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பெரியவரை இழுவை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வெயிலில் வைத்திருந்தாள்.

"பழைய வார்த்தைதான். ஆனா சரியாச் சொன்னா. நாலஞ்சு தடவை."

அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுச் சொன்னது போனில் கேட்டது. இதுக்குத்தான் சார் காத்திருந்தோம், இனிமேல்தான் ஒரு நாள்கூட விடக்கூடாது என்றாள். நீங்க கவனிச்சீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள், வியாழக்கிழமை பத்து மணி, எழுதிக்கிட்டேன், கூட்டிட்டு வந்துடுங்க என்று வைத்துவிட்டாள்.